வெஸ்ட் கோஸ்ட் ஃபீவர்: மூன்று, இரண்டு, ஒன்று

2021ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் சுப்பர் நெட்போல் என்ற பெண்கள் வலைப்பந்தாட்ட லீக்கில் முதல் பந்து வீசப்படும் முன்பே ஒரு அணி கடைசி இடத்தில் இருந்தது. ஏழு அணிகளுக்குப் பக்கத்தில் பூச்சியம். பேர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் ஃபீவருக்குப் பக்கத்தில் மட்டும் மைனஸ் 12. ஒரு வெற்றிக்கு 4 புள்ளி என்றால், மூன்று ஆட்டங்களை வென்ற பிறகுதான் அந்த அணி பூச்சியத்துக்கே வர முடியும். மொத்தம் இருப்பதோ 14 சுற்றுகள்.

அந்த 12 புள்ளிகள் எப்படிப் போயின, போன பிறகு அந்த அணி என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வு. பெண்கள் விளையாட்டில் பணம் எப்படி நடமாடுகிறது, ஒரு நல்ல அணி ஏன் திரும்பத் திரும்பக் கடைசி நிமிடத்தில் தோற்கிறது என்ற இரண்டு கேள்விகளும் இந்த ஒரு அணியின் வரலாற்றில் சேர்ந்தே கிடக்கின்றன.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

இலங்கையில் பாடசாலை மைதானத்தில் வளர்ந்த பெண்களுக்கு வலைப்பந்தாட்டத்தை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக்கு ஏழு பேர். 15 நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்தால் மூன்று வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும். வளையம் கூடைப்பந்தில் இருப்பதுபோல 3.05 மீற்றர் உயரத்தில்தான், ஆனால் பின்பலகை கிடையாது. கோல் போட அனுமதி இருப்பது இரண்டே பேருக்கு: கோல் ஷூட்டர், கோல் அட்டாக். அதுவும் 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான் போட வேண்டும். பந்து வைத்திருப்பவரின் ஊன்றிய காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் எதிரணி தடுக்கலாம்.

இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உயரமான ஒருத்தி வளையத்துக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே பந்தைப் பிடித்துவிட்டால், அதற்கப்புறம் தடுப்பவளுக்குச் செய்ய அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவர் வட்டத்துக்குள் நின்றால், இலங்கை அணி முழுவதும் பந்தை அவருடைய கைக்கு உயர்த்தி அனுப்புவதையே முதல் வழியாக வைத்திருக்கும். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை சிங்கப்பூரை 69 - 50 என்று வென்றதும் அவர் அணியில் இருந்தபோதுதான். மெல்பேர்னில் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்காக விக்டோரிய மாநில லீக்கிலும் அவர் விளையாடியிருக்கிறார்.

ஃபீவரின் கதையிலும் மையத்தில் நிற்பது அப்படி ஒரு கோல் ஷூட்டர்தான்.

பேர்த்தின் நீண்ட காத்திருப்பு

அவுஸ்திரேலிய தேசிய லீக்கில் 1997 முதல் 2007 வரை பேர்த்தைப் பிரதிநிதித்துவம் செய்த அணி பேர்த் ஓரியோல்ஸ். கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. 2008இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து, நாட்டுக்கு ஐந்து அணிகளாக ஏஎன்இசட் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியபோது மேற்கு அவுஸ்திரேலியாவின் அணி வெஸ்ட் கோஸ்ட் ஃபீவர் என்ற பெயரில் இறங்கியது. பெயர் மாறியது, இடம் மாறவில்லை. 2014 வரை ஏழு பருவங்களில் ஒரு தடவைகூட இறுதிக் கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெறவில்லை. 2007, 2011 உலகக் கிண்ணங்களை அவுஸ்திரேலியாவுக்கு வென்று கொடுத்த பயிற்றுநர் நோர்மா பிளமரே வந்து மூன்று பருவங்கள் இருந்தும் முடியவில்லை.

திறமையான பெண்கள் இல்லாமல் இல்லை. பேர்த்தில் பிறந்த கெய்ட்லின் பாசெட் 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மேலதிக நேரத்தின் கடைசி வினாடிகளில் நியூசிலாந்துக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டவர். அவர் ஃபீவரின் வீராங்கனை. நத்தலி மெட்ஹேர்ஸ்டும் பிறகு வந்து சேர்ந்தார். ஆனால் பேர்த் என்பது தூரத்து ஊர். சிட்னிக்குப் போக 3,300 கிலோமீற்றர் பறக்க வேண்டும். வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் கண்டத்தைக் குறுக்கே கடந்து போய், மணிக்கணக்கில் முன்னால் ஓடும் கடிகாரத்தில் விளையாடிவிட்டுத் திரும்ப வேண்டும். வெற்றிக்கு ஆசைப்படும் ஒரு வீராங்கனைக்கு மெல்பேர்னையோ பிரிஸ்பேனையோ தேர்ந்தெடுக்க எத்தனையோ காரணங்கள் இருந்தன.

ஸ்டேசி மரின்கோவிச்சின் பயிற்சியில் 2015இல்தான் ஃபீவர் முதன்முதலாக இறுதிக் கட்டத்தை எட்டியது. 2017இல் நியூசிலாந்து பிரிந்து போக, அவுஸ்திரேலியாவின் எட்டு அணிகளோடு சுப்பர் நெட்போல் லீக் பிறந்தது. பாசெட் அந்த நேரத்தில் சொந்த ஊர் அணியை விட்டு, புதிதாகத் தொடங்கிய சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங் அணிக்குப் போய்விட்டார். போன முதல் வருடமே கிண்ணமும் வென்றார்.

ஃபௌலர் வந்த வருடம்

2018இல் ஃபீவர் ஜனீல் ஃபௌலரைக் கொண்டுவந்தது. ஜமெய்க்கா நாட்டவர், 198 சென்ரிமீற்றர் உயரம். அதற்கு முன் ஐந்து பருவங்கள் நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் நகரத்து சதர்ன் ஸ்டீல் அணிக்கு விளையாடி, அங்கே கிண்ணங்களும் பார்த்தவர்.

ஃபௌலரை உயரம் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. உயரமானவர்கள் நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். பாரமான தடுப்பாளர் முதுகில் சாய்ந்து நிற்கும்போதே ஒரு கையால் இடத்தைப் பிடித்து வைத்து, மற்றக் கையை உயர்த்தி, பின்னாலிருந்து வரும் பந்தைக்கூட விழாமல் பிடிக்கிற வலு அவரிடம் இருந்தது. பிடித்த பந்து பெரும்பாலும் வளையத்துக்குள்தான் போகும். 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக்கின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே போனது.

அவர் வந்த முதல் பருவத்திலேயே ஃபீவர் இறுதிப் போட்டிக்குப் போனது. அதுவும் சொந்த மண்ணில், 2018 ஓகஸ்ட் 26இல், பேர்த் அரீனாவில். எதிரே முந்தைய வருடச் சாம்பியன் லைட்னிங். அந்த அணியின் கோல் ஷூட்டர் யாரென்றால், பேர்த்துப் பெண்ணான அதே பாசெட். ஒரு பக்கம் ஊர் வளர்த்துவிட்ட மகள், மறுபக்கம் ஊர் தத்தெடுத்த ஜமெய்க்காக்காரி.

லைட்னிங்கின் பயிற்றுநர் நொலீன் டௌருவா, அடுத்த வருடம் நியூசிலாந்தை உலகச் சாம்பியனாக்கியவர். அவருடைய அணியில் நடுவில் லோரா லங்மனும், பின்னால் ஜீவா மென்டரும் கார்லா பிரிடோரியஸும் இருந்தார்கள். ஃபௌலரின் கைக்குப் பந்து வந்தால் தடுக்க முடியாது, அதனால் வரும் வழியில்தான் பறிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான மூவர் கிடைக்கமாட்டார்கள். 62 - 59. மூன்று கோல் வித்தியாசத்தில் கிண்ணம் மறுபடியும் லைட்னிங்குக்கு.

தோற்றாலும் பேர்த் ரசிகர்கள் அதைப் பெரிய ஆரம்பமாகவே பார்த்தார்கள். அந்தப் பருவத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது.

கணக்குப் புத்தகம்

சுப்பர் நெட்போலில் ஒவ்வொரு அணியும் வீராங்கனைகளுக்கு மொத்தமாக எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. லீக் தொடங்கிய 2017இல் அது 675,000 அவுஸ்திரேலிய டொலர். மாற்று வீராங்கனைகளையும் சேர்த்துப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் சராசரி 67,500. குறைந்தபட்சச் சம்பளம் 27,375. உலகத்தின் மிக வலுவான வலைப்பந்தாட்ட லீக்கின் அன்றைய சம்பளம் இதுதான். ஆண்களின் காற்பந்திலோ கிரிக்கெட்டிலோ இந்தத் தொகை ஒரு நட்சத்திரத்தின் ஒரு மாத விளம்பர வருமானத்துக்குக்கூட வராது.

2020 டிசம்பரில் ஃபீவரின் சம்பளக் கணக்கைப் பற்றிய விசாரணையின் முடிவு வெளியானது. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஃபீவர் உச்சவரம்பை மீறியிருந்தது. மீறிய தொகை இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3 இலட்சம் டொலர். கேட்கும்போது சின்னத் தொகையாகத் தோன்றலாம். 67,500 என்ற சராசரியோடு வைத்துப் பாருங்கள்: பருவத்துக்கு இரண்டு வீராங்கனைகளுக்கு மேல் சும்மா கிடைத்ததற்குச் சமம். பத்துப் பேர் கொண்ட அணியில் அது சின்ன விஷயமே அல்ல. எல்லாவற்றையும் விதிக்குள் செய்த ஏழு அணிகளும் தங்களுக்குப் பிடித்த யாரையாவது பணம் போதவில்லை என்று அனுப்பிவைத்திருக்கும்.

தண்டனை: 3 இலட்சம் டொலர் அபராதம், அதில் பாதி ஒத்திவைக்கப்பட்டது. அத்தோடு 2021 பருவத்துக்கு 12 புள்ளிகள் கழிவு.

அபராதத்தைப் பற்றி எனக்கு மறுபேச்சு இல்லை. அதைக் கட்ட வேண்டியது நிர்வாகம், கட்டியதும் நிர்வாகம். புள்ளிக் கழிவுதான் மனதை உறுத்துகிறது. 2021இல் ஆடப்போகும் ஒரு இளம் வீராங்கனைக்கு 2018இல் யார் எந்தக் காசோலையில் கையெழுத்துப் போட்டார் என்பதோடு என்ன சம்பந்தம்? ஆனாலும் புள்ளியில் கை வைக்காமல் பணத்தை மட்டும் வாங்கியிருந்தால், வசதியுள்ள கழகம் எதுவும் அபராதத்தையும் ஒரு செலவாக எழுதிக்கொண்டு அதையே திரும்பச் செய்யும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், லீக் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாரம் விழுந்த தோள்கள்தான் தவறானவை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். வரம்பு மீறிச் செலவழித்த இரண்டு பருவங்களில் ஃபீவருக்கு என்ன கிடைத்தது? 2018இல் மூன்று கோலில் தோல்வி. 2019இல் முதல் நான்கு இடங்களுக்குள்கூட வரவில்லை. அந்த வருடம் இறுதிக் கட்டத்துக்குப் போனவை ஸ்விஃப்ட்ஸ், லைட்னிங், விக்ஸென்ஸ், மக்பைஸ். உலகிலேயே சிறந்த கோல் ஷூட்டரை வைத்துக்கொண்டு, மற்றவர்களைவிட அதிகம் செலவழித்தும், ஃபீவர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு கோல்

தண்டனை அறிவிக்கப்படுவதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்னால் இன்னொரு இறுதிப் போட்டி நடந்து முடிந்திருந்தது.

2020 கொவிட் வருடம். ஓகஸ்டில்தான் பருவம் தொடங்கியது. எட்டு அணிகளையும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தங்கவைத்து ஆட்டங்கள் நடந்தன. பேர்த்துப் பெண்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருந்தார்கள்.

அந்த வருடம்தான் சுப்பர் ஷொட் என்ற விதியும் வந்தது. ஒவ்வொரு பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களில், வட்டத்தின் வெளி விளிம்பை ஒட்டிய 1.9 மீற்றர் அகலப் பட்டையில் நின்று போட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு கோல். நான்கு பகுதிகளுக்கும் சேர்த்தால் 20 நிமிடங்கள், அதாவது ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. வளையத்துக்கு அடியில் நின்று ஒன்று ஒன்றாக அடுக்கும் ஃபௌலர் போன்ற ஒருவரை வைத்து அணியைக் கட்டியவர்களுக்கு இது பாதகமான விதி. அவருக்குப் பந்து கொடுத்தால் ஒரு கோல் அநேகமாக உறுதி. அந்த உறுதியை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து இரண்டுக்கு முயல்வதா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். யோசிக்க இருப்பதோ மூன்று வினாடி.

2020 ஒக்டோபர் 18, பிரிஸ்பேன், நிசான் அரீனா. மெல்பேர்ன் விக்ஸென்ஸ் 66, வெஸ்ட் கோஸ்ட் ஃபீவர் 64. வித்தியாசம் ஒரே ஒரு சுப்பர் ஷொட்டின் பெறுமதி.

மரின்கோவிச்சுக்கு அது ஃபீவரோடு கடைசி ஆட்டம். அதற்கு முன்பே அவரை அவுஸ்திரேலிய தேசிய அணியின் பயிற்றுநராகத் தெரிவுசெய்திருந்தார்கள்.

மைனஸ் 12இலிருந்து

அவருடைய இடத்துக்கு வந்தவர் டான் ரயன். இவரின் பின்னணி எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடுவது. ஃபீவர் முதன்முதலாக இறுதிப் போட்டிக்குப் போன அதே 2018இல் ரயன் அடிலெய்ட் தண்டர்பேர்ட்ஸின் பயிற்றுநராக இருந்தார். அந்தப் பருவத்தில் தண்டர்பேர்ட்ஸ் விளையாடியது 14 ஆட்டங்கள். வென்றது ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய் லீட்ஸ் ரைனோஸ் அணியோடு வேலை செய்தார். திரும்பி வந்தால் கையில் கிடைத்தது பூச்சியத்துக்கும் கீழே நிற்கும் அணி.

14 ஆட்டங்களையும் தோற்ற ஒருவருக்கு மைனஸ் 12 பெரிய பயமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மூன்று வெற்றிகள் புள்ளிப் பட்டியலில் தெரியாது என்று முதல் நாளே தெரிந்திருந்தும் ஃபீவர் பெண்கள் 2021இல் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தார்கள். கிண்ணம் ஸ்விஃப்ட்ஸுக்குப் போனது, ஜயன்ட்ஸை 63 - 59 என்று வென்று. ஆனால் ஃபீவரின் வரலாற்றில் எந்தப் பருவத்தை நான் தூக்கி வைப்பேன் என்று கேட்டால், கிண்ணம் இல்லாத இந்தப் பருவத்தைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடம் எல்லோரையும் போலப் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்கள். அணித்தலைவி கோர்ட்னி புரூஸ் கோல் கீப்பர், அவருக்குப் பக்கத்தில் சண்டே அர்யாங், நடுவில் ஜெஸ் அன்ஸ்டிஸ், முன்னால் அலிஸ் டீக்-நீல்ட், சாஷா கிளாஸ்கோ, ஃபௌலர். இறுதிப் போட்டியைப் பேர்த்தில் நடத்தும் உரிமையும் கிடைத்தது. எதிரணி மறுபடி விக்ஸென்ஸ். 2022 ஜூலை 3, ஆர்ஏசி அரீனா. 2018இல் பாசெட்டிடம் தோற்ற அதே அரங்கம்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. 70 - 59. பதினொரு கோல் வித்தியாசம். 1997இலிருந்து ஓரியோல்ஸையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 25 வருடக் காத்திருப்பு.

ஏன் அந்த முறை மட்டும் முடிந்தது? ஃபௌலர் 2018இலும் இருந்தார், 2020இலும் இருந்தார். என் பார்வையில் மாறியது அவருக்கு முன்னால் நின்றவர்கள். ஒருவருக்கே எல்லாப் பந்தும் போகிற அணியைப் படிப்பது சுலபம். நடுவில் நிற்பவர்களுக்கு எந்த நேரத்தில் உயர்த்திப் போடுவது, எந்த நேரத்தில் பொறுத்துப் பக்கவாட்டில் இன்னொரு முறை மாற்றுவது என்பது பழக வேண்டும். அன்ஸ்டிஸும் டீக்-நீல்டும் அதற்குள் ஃபௌலரோடு பல பருவங்கள் ஆடிவிட்டார்கள். அந்தப் பழக்கம் சம்பளப் பட்டியலில் எங்கேயும் எழுதப்படாத ஒன்று. அத்தோடு புரூஸும் அர்யாங்கும் பின்னால் பறித்த ஒவ்வொரு பந்தும் மறுமுனையில் அநேகமாக ஒரு கோல்.

அந்தக் கிண்ணத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. ஐந்து வாரம் கழித்து, ஓகஸ்ட் 7இல், பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவும் ஜமெய்க்காவும் மோதின. ஜமெய்க்காவின் தலைவி ஃபௌலர். அவுஸ்திரேலியாவின் பயிற்றுநர் மரின்கோவிச், அணியில் புரூஸும் அர்யாங்கும். முதல் சுற்றில் ஜமெய்க்கா 57 - 55 என்று வென்றிருந்தது. தங்கப் பதக்க ஆட்டத்தில் அவுஸ்திரேலியா 55 - 51 என்று வென்றது. பேர்த்தில் சேர்ந்து கிண்ணத்தைத் தூக்கியவர்கள் இரண்டு நாட்டு உடைகளில் எதிரெதிரே நின்றார்கள். ஃபௌலரை வருடக்கணக்காகப் பயிற்சியில் தினமும் தடுத்துப் பழகிய புரூஸைவிட அவரை அறிந்த தடுப்பாளர் உலகத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

ஒரு கோல்

2023, 2024 கிண்ணங்கள் அடிலெய்ட் தண்டர்பேர்ட்ஸுக்குப் போயின. முதலாவது மேலதிக நேரத்தில் ஸ்விஃப்ட்ஸை 60 - 59 என்றும், இரண்டாவது விக்ஸென்ஸை 59 - 57 என்றும் வென்றது. ஆம், 2018இல் ஒரு ஆட்டம்கூட வெல்லாத அதே தண்டர்பேர்ட்ஸ்தான்.

2025 ஓகஸ்ட் 2இல் ஃபீவர் நான்காவது தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. மெல்பேர்ன் ரொட் லேவர் அரீனா. மீண்டும் விக்ஸென்ஸ். 2020, 2022 இரண்டிலும் எதிரே நின்ற பயிற்றுநர் சிமோன் மக்கினிஸ் இந்தப் பருவத்தோடு விடைபெறுவதாக இருந்தார். விக்ஸென்ஸ் 59, ஃபீவர் 58.

2018இல் மூன்று, 2020இல் இரண்டு, 2025இல் ஒன்று. மூன்று தோல்விகளுக்கும் சேர்த்து ஆறே கோல். நான்கு இறுதிப் போட்டிகளிலும் ஃபீவர் போட்ட கோல்களைக் கூட்டினால் 251 வருகிறது. எதிரணிகள் போட்டவை 246. கூட்டுத்தொகையில் ஐந்து கோல் முன்னால் நிற்கும் அந்த அணியின் அலுமாரியில் கிண்ணம் ஒன்றுதான் இருக்கிறது. அது மைனஸ் 12க்கு அடுத்த வருடம் வந்தது.